தொண்ணூற்றாறு

கோக்-செங்கிர்
3 பிப்ரவரி 2021

கருவிழிக்கு,

நலமா என்று கேட்கக் கை ஓடவில்லை. கேட்காமல் கடிதம் தொடங்கவும் தெரியவில்லை. நலமா?

உன் பெயரை இன்றைக்கும் நான் எழுதமாட்டேன். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று, புருஷனோடு பிறந்தவர்கள் பெயரை வாயில் எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். உனக்கு அப்போது எட்டு வயது. ஆளுக்கு முன்னால் கண்தான் தெரிந்தது. கருவிழி என்று வைத்தேன். உன்மேல் கோபம் வந்தபோதும் வேறு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

நானாக எழுதவில்லை. ரயா எழுதச் சொன்னாள். ஊருக்கு நர்ஸாக அவள் ஒருத்திதான் இருக்கிறாள், அவள் டாக்டர் இல்லையே. ஆகஸ்டிலிருந்து நீ போனில் நோயாளிகள் யாரையும் பார்ப்பதில்லை. நாரின் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தோலோன் கணவாய் பனியில் மூடி மூடித் திறக்கிறது. ஒஸ்மோன் பெரியவருக்குக் கால் வீங்கியிருக்கிறது. இதையெல்லாம் ரயா நேற்று என் வாசலில் நின்றே சொன்னாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"அக்கா, உங்க வீட்டுக்காரரோட நாப்பதாம் நாள் அன்னிக்கு ஊரு முன்னாடி அந்தப் பொண்ணைப் பேசினது நீங்கதானே. அதுக்கப்புறம்தானே அவ போனை எடுக்கிறதில்லை. நீங்க போட்ட பூட்டை நீங்களே திறங்க" என்றாள்.

நான் பேசியது எனக்கு மறக்கவில்லை. "அண்ணனைப் போன் கண்ணாடியில பார்த்து நல்லாயிருக்கார்னு சொன்னவ, இப்ப எதைப் பார்க்க வந்திருக்கே?" என்று கேட்டேன். நீ கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாய். டீ ஆறுவதற்குள் வண்டியேறிவிட்டாய்.

சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று எழுத எனக்கு வரவில்லை. ஆனால் ஊர் என்ன தப்பு செய்தது? அவர்களைப் பார்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நம் வீட்டுப் போனை உன் அண்ணனுடைய கம்பளிக் குல்லாயோடு துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். வேறு யார் போனையும் காதில் வைக்க முடியவில்லை. எட்டாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, பொறுத்துக்கொள். பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டுகிற மீர்லானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அண்ணி
புருல்


பிஷ்கெக்
14 பிப்ரவரி 2021

அண்ணி,

கடிதம் வந்தது. நலம்.

இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். போனில் இனி யாரையும் பார்ப்பதாக இல்லை. உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் கேட்டது சரியான கேள்வி.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் போன ஜூலை 5, மாலை ஆறே முக்கால் என்று போட்டு எழுதியிருக்கிறேன்: காய்ச்சல் உண்டு. இருமல் உண்டு. நகம் ரோஜா நிறம், நீலம் இல்லை. விரல் கிளிப்பில் ஆக்சிஜன் 96. நாடி 84. வீட்டில் இருக்கலாம். ஜூலை 6, மெசேஜில் 97. ஜூலை 7, 96. ஜூலை 8 காலை அண்ணன் இல்லை.

அந்த வாரம் எங்கள் வார்டில் கட்டில் இல்லாமல் நாற்காலியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எழுபது, அறுபத்தெட்டு என்று எண்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தது. தொண்ணூற்றாறைப் பார்த்ததும் உடம்பே லேசாகிவிட்டது. எண்ணைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

பெரிய டாக்டர்களைக் கேட்டேன். திடீரென்று விழுகிற கேஸ் உண்டு என்கிறார்கள். மூன்று நாள் தொண்ணூற்றாறில் இருந்தவர் நாலாம் நாள் காலையில் அப்படி விழமாட்டார், அண்ணி. நான் எதையோ தவறவிட்டிருக்கிறேன். அது என்ன என்று தெரியாமல் இன்னொரு முகத்தைப் போனில் பார்த்து 'வீட்டில் இருங்கள்' என்று சொல்ல முடியாது. ஒஸ்மோன் பெரியவரை நாரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கடிதத்தில் மருந்து எழுதமாட்டேன்.

இன்னொன்று. ஜூன் கடைசியில் மாஸ்கோ போகிறேன். ஒரு முதியவரை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. டாக்டர் வேலையை விடுகிறேன். அண்ணனின் முதல் வருஷ நினைவு விருந்துக்கு நான் இருக்கமாட்டேன்.

கனிஷாய்


கோக்-செங்கிர்
2 மார்ச் 2021

கருவிழிக்கு,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

மாஸ்கோவில் யாரோ ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டப் போகிறாயா? அத்தனை வருஷம் படித்தது அதற்கா? நீ படிக்கப் போன அன்று உன் அண்ணன் தன் அருமைக் குதிரையை விற்றார். அதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. அந்தக் குதிரையின் பெயரை அவர் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், அதனால் எழுதுகிறேன்.

ஒஸ்மோன் பெரியவரைக் கணவாய் திறந்த அன்று நாரினுக்குக் கொண்டுபோனார்கள். வீக்கம் வடிந்தது, மறுபடி ஏறிவிட்டது. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறு மணி நேரம் உக்கார வச்சாங்க, மருமகளே. நேர்ல பார்த்த டாக்டர் என் முகத்தையே பார்க்கலை, காகிதத்தைப் பார்த்தாரு. நம்ம பொண்ணு பொட்டிக்குள்ள இருந்துக்கிட்டு என் காலைப் பார்த்துத் திட்டினா. உப்பைக் குறைக்கச் சொல்லி எத்தனை தடவை சொல்றதுன்னு கத்தினா. திட்டுறதுக்கு ஒரு ஆள் இருந்தா தெம்பா இருக்கு. அவ வாயை நீ அடைச்சிட்டியே."

போனில் வைத்தியம் என்றதும் இதே பெரியவர்தான் முதலில் சிரித்தவர், நினைவிருக்கிறதா? "போட்டோவைப் பார்த்துக் குதிரை வாங்குவானா எவனாவது?" என்று ரயாவின் மருந்தகத்து வாசலில் நின்று கேட்டார். அப்புறம் கொரோனா என்று ரோடெல்லாம் தடுப்புக் கம்பு போட்டு அடைத்தார்கள். வேறு வழியில்லாமல் ரயா உன்னைப் போனில் கூப்பிட ஆரம்பித்தாள். போனை எங்கே வைத்தார்கள்? விருந்தாளி உட்காரும் மேலிடத்தில், நாலு மெத்தை அடுக்கி, அதன்மேல். முன்னால் ரொட்டி, வெண்ணெய், ஒரு கிண்ணம் டீ. பெண்கள் தலையில் புதுத் துண்டு கட்டிக்கொண்டு வந்தார்கள். நீ "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், ஒவ்வொருத்தரும் "நல்லாயிருக்கேன், ஆண்டவன் புண்ணியம்" என்றார்கள். நீ ஒரு நாள் கத்திவிட்டாய். "நல்லாயிருந்தா எதுக்குக் கூப்பிட்டீங்க? டீயை நீங்களே குடிச்சிட்டு நோயைச் சொல்லுங்க!" ஊரே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது.

பிறகு பழகிவிட்டார்கள். நாரினில் ஆம்பிளை டாக்டரிடம் வாய் திறக்காத பெண்கள்கூட, கதவைச் சாத்திக்கொண்டு உன்னிடம் எல்லாம் சொன்னார்கள். நாற்பதாம் நாளுக்கு அப்புறம் அதே பெண்கள், "சொந்த அண்ணனையே போன்ல பார்த்துச் சாக விட்டாளாம்" என்றார்கள். அதை அவர்கள் வாயில் வைத்தது நான்.

குளிரில் விரலெல்லாம் வெடித்திருக்கிறது, பேனா நிற்கவில்லை. ஆம்பிளைக் கை என்று உன் அண்ணன் கேலி செய்வாரே, அந்தக் கைதான். தயிரை வடித்துக் குருத் கொஞ்சம் உருட்டிக் காயவைத்தேன், உனக்கு உப்புத் தூக்கலாக இருந்தால்தான் பிடிக்கும். மீர்லானிடம் பையில் இருக்கிறது.

இன்னும் ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை.

புருல்


பிஷ்கெக்
20 மார்ச் 2021

அண்ணி,

நாளை நூரூஸ், புத்தாண்டு. தெருவெல்லாம் கோதுமைக் கூழ் மணம். எனக்கு மணம் தெரிகிறது, பசி இல்லை.

குருத் கிடைத்தது. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனேன். மாஸ்க்குக்குள் வீட்டு வாசனை. அழுகை வந்துவிட்டது, கண்ணாடி எல்லாம் ஆவி. இனி அனுப்பாதீர்கள்.

நீங்கள் என்னைக் கேட்டீர்கள் அல்லவா, எதைப் பார்க்க வந்தாய் என்று. நான் எதைப் பார்த்தேன் என்று உங்களிடம் சொன்னதில்லை. ஜூலையில் எங்களை வார்டை விட்டு வெளியே விடவில்லை. பதினாலு நாள் உள்ளேயே. அண்ணனை எடுத்த அன்று மீர்லான் போனைப் பிடித்துக் காட்டினான். நான் ஸ்டோர் ரூமில் இருந்தேன். நம் பெண்கள் இறந்தவர் கூடாரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொல்வார்கள் அல்லவா, நான் குளுக்கோஸ் பெட்டிகளைப் பார்த்து உட்கார்ந்தேன். சிக்னல் போய்ப் போய் வந்தது. குழியில் இறக்கும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது மண்மேடு. "அண்ணிகிட்ட போனைக் குடுடா" என்றேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அந்தத் திரும்பலையும் நான் போனில்தான் பார்த்தேன்.

மாஸ்கோவுக்குச் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறேன். பதினேழு வயதில் நான் இங்கே படிக்கக் கிளம்பியபோது நீங்கள் தைத்துக் கொடுத்த கம்பளிக் கோட்டு அலமாரியில் இருந்தது. போட்டுப் பார்த்தேன், தோள் பொருந்தவில்லை. எடுத்துப்போவதா விடுவதா என்று தெரியாமல் நாற்காலியில் போட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று மாலை அண்ணன் பக்கத்தில் இருந்தது நீங்கள் மட்டும்தான். மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்ததா? பேசும்போது வாக்கியத்தை முடித்தாரா, பாதியில் நிறுத்தினாரா? போர்வையை ஏன் தோள்வரைக்கும் போர்த்தியிருந்தார், ஜூலை மாதத்தில்? நான் தவறவிட்டது எது? நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். இதைச் சொன்னால் போதும். தெரிந்துகொண்டு போகிறேன்.

கனிஷாய்


கோக்-செங்கிர்
5 ஏப்ரல் 2021

கருவிழி,

நீ எதையும் தவறவிடவில்லை. அந்த விரல் என்னுடையது.

எழுதிவிட்டேன். இனி மற்றதையும் எழுதிவிடுகிறேன், நிறுத்தினால் மறுபடி கை ஓடாது.

ரயா ஊருக்கு இருந்த ஒரே கிளிப்பை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் நம் வீட்டில் வைத்துவிட்டு, மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நம் பையன் ஆடுகளோடு மலைமேல் இருந்தான். நாங்கள் இரண்டு பேர்தான். உன்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் உன் அண்ணன் விரலில் மாட்டிப் பார்த்தேன். எண்பத்தொன்று.

"எண்பத்தொண்ணு நல்லதா, கெட்டதா?" என்றார்.

"தொண்ணூறுக்குக் கீழே போனா ஆஸ்பத்திரி வண்டி அனுப்புவாங்கன்னு ரயா சொன்னா" என்றேன்.

மூச்சு வாங்கினார். அப்புறம், "கிழவி, உன் விரலைக் கொடு" என்றார்.

"எதுக்கு?"

"கொடுடி. அவ கேக்கப் போறா. என்னோடதைக் காட்டினா அஞ்சு நிமிஷத்தில வண்டி வந்துரும். பக்கத்து ஊர்ல வண்டியேறிப் போனவன் எப்படித் திரும்பி வந்தான், பார்த்தேல்ல? பிளாஸ்டிக்கில சுத்தி. குளிப்பாட்டலை. கூடாரம் போடலை. அவன் பொண்டாட்டி வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு ஒப்பாரி வச்சா. குழியில இறங்கினது யாருன்னே தெரியலை, வெள்ளைச் சட்டை மாட்டின எவனோ. எனக்கு அப்படி வேண்டாம். மூணு நாள் பொறு, தானா ஏறும். நான் என்ன, இந்த வாய்க்கால்ல முப்பது வருஷம் பனித்தண்ணியில நின்னவன்."

நான் வேண்டாம் என்று சொன்னேனா? ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. எனக்கும் அந்த வேலி பயமாக இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க நான் தயாராக இல்லை. அதுதான் உண்மை.

உனக்காக வெள்ளைச் சட்டை போட்டார். குல்லாய் வைத்தார். கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைத்துக்கொண்டார். சர்க்கரை ஜாடியில் போனைச் சாய்த்து வைத்தோம். போர்வையைத் தோள்வரைக்கும் போர்த்தி, தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் அவர் பக்கத்தில் தரையோடு தரையாகக் குனிந்துகொண்டேன். கதை சொல்லிச் சிரிக்க வேண்டிய காரியம் போலத்தான் இருந்தது, கருவிழி. நிஜமாகவே சிரிப்பு வந்தது.

"நகத்தைக் காட்டுங்கண்ணா" என்றாய். போர்வைக்குள்ளிருந்து என் கையை நீட்டினேன். "இப்ப கிளிப்பை மாட்டுங்க." மாட்டினேன். "கிட்டக் கொண்டு வாங்க." கொண்டு வந்தேன். நீ ஓவென்று சிரித்தாய். "தொண்ணூத்தாறு! மலைக்காத்துன்னா சும்மாவா! எங்க வார்டுல இந்த நம்பரைப் பார்த்து மாசமாச்சு அண்ணா!"

நீ போனை வைத்ததும் அவர் சொன்னார், "பார்த்தியா, உன் ஆம்பிளைக் கை எனக்கு நல்ல மார்க் வாங்கிக் கொடுத்திருச்சு." சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

அடுத்த இரண்டு நாள் மெசேஜில் போனதும் என் நம்பர்தான். அவருடையதை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். எட்டாம் தேதி காலையில் பயந்துபோய் மாட்டினேன். ஐம்பத்தெட்டு. அப்புறம் அது வெறும் கோடு காட்டியது.

அவர் கேட்ட மாதிரியே எல்லாம் நடந்தது. குளிப்பாட்டினோம். கூடாரம் போட்டோம். நான் உள்ளே உட்கார்ந்து ஒப்பாரி சொன்னேன். நாற்பது நாளும் ஒப்பாரியில் உன்னைப் பழித்தேன். உன்னைக் காட்டாவிட்டால் யாராவது என் கையைப் பார்த்துவிடுவார்கள் என்று தோன்றியது. நீ வந்து எதிரில் உட்கார்ந்தபோது உன் கண் என் கைமேல் இருந்த மாதிரி இருந்தது. அதனால்தான் அப்படிப் பேசினேன்.

இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்தாலும் சரி. பையனிடமும் சொல்லு. மாஸ்கோவுக்கு மட்டும் போகாதே.

புருல்


கோக்-செங்கிர்
12 மே 2021

கருவிழி,

ஐந்து வாரம் ஆகிறது. மீர்லானிடம் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். "கையிலதான் குடுத்தேன் அக்கா, வாங்கிக்கிட்டாங்க, ஒண்ணும் சொல்லலை" என்கிறான். இப்போதெல்லாம் என்னைத் தூரத்தில் பார்த்ததும் அவனே தலையை ஆட்டிவிடுகிறான்.

நீ எழுதாவிட்டாலும் நான் செய்ததை எழுதிவிடுகிறேன். ஊரில் சொல்லிவிட்டேன். உன்னைப் பேசியது எல்லார் முன்னாலும்தானே, அதனால் இதையும் எல்லார் முன்னாலும். தடுப்பூசிக்குப் பெயர் எழுதுகிறார்கள் என்று ரயாவின் மருந்தகத்தில் ஊரே கூடியிருந்தது. எழுந்து நின்று சொன்னேன். பாதியில் நம் பையன் வெளியே போய்விட்டான். அன்றிலிருந்து மலைமேலேயே இருக்கிறான், சாப்பிட இறங்கிவருவதில்லை. உங்கள் வீட்டுச் சொந்தம் யாரும் என் பக்கம் வருவதில்லை. நான் சுட்ட ரொட்டி நானே தின்று தீர்கிறது.

ஆனால் ஒன்று நடந்தது, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் சொல்லி முடித்தேன். ஒஸ்மோன் பெரியவர்தான் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"நான் என் மருமக விரலைக் காட்டினேன்" என்றார்.

ரயா கத்தினாள், "என்ன சொல்றீங்க?"

"ஆமா. டாக்டர் திட்டுவாளேன்னு. எனக்கு அதிர்ஷ்டம், பொழைச்சேன். இந்தப் பொண்ணு புருஷன் பொழைக்கலை. அவ்வளவுதான் வித்தியாசம்."

பின்னால் இருந்து ஒருத்தி, தன் தங்கை விரலைக் காட்டியதாகச் சொன்னாள். இன்னொருத்தி அழ ஆரம்பித்தாள். எங்களுக்கு நீ விருந்தாளி, கருவிழி. மெத்தைமேல் உட்காரவைத்து, வீட்டில் இருந்த நல்லதையெல்லாம் உன் முன்னால் எடுத்து வைத்தோம். கந்தலை எடுத்து யார் விருந்தாளி முன்னால் வைப்பார்கள்?

இது சாக்கு இல்லை. எனக்குச் சாக்கு வேண்டாம். களைத்துப்போய்விட்டேன்.

புருல்


பிஷ்கெக்
5 ஜூன் 2021

அண்ணி,

உங்கள் ஏப்ரல் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். தெரிந்துகொள்ளுங்கள், சந்தோஷம்தான். என் தப்பு இல்லை, என் தப்பு இல்லை என்று சமையலறையில் சத்தமாகச் சொன்னேன். அப்புறம் ஆத்திரம் வந்தது. பத்து மாதம் என்னை நானே தின்றுகொண்டிருந்தேன், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த ஆத்திரத்தில் எழுதினால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று எழுதவில்லை. முழுவதும் அடங்கிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

நேற்றுதான் ஒன்று செய்தேன். எங்கள் பழக்கம், போனில் நகத்தையோ நாக்கையோ காட்டினால் அதை அப்படியே படம் பிடித்து வைப்போம், மறுநாளோடு ஒப்பிட. அண்ணனுடைய படமும் என் போனில் இருந்தது. இத்தனை நாளும் திறக்கவில்லை. நேற்றுத் திறந்து, விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன்.

ஆள்காட்டி விரல். நகம் நடுவில் அடிவரைக்கும் பிளந்திருக்கிறது.

அந்தப் பிளவு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கோட்டுக்குக் கம்பளி இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தீர்கள். ஊசி நழுவி நகத்தோடு இறங்கியது. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "அட, டாக்டராகப் போறவ இதுக்கே கண்ணை மூடுறா பாரு" என்று என்னைக் கேலி செய்துகொண்டே ரத்தத்தை உறிஞ்சித் துப்பினீர்கள். அதற்குப் பிறகு அந்த நகம் சேர்ந்து வளரவே இல்லை. எட்டு வயதிலிருந்து பதினேழு வரைக்கும் அந்தக் கைதான் எனக்குச் சடை பின்னியது. அந்தக் கை என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. நான் நிறத்தைப் பார்த்தேன். ரோஜா நிறம் என்று எழுதினேன். யார் கை என்று பார்க்கவில்லை.

அதனால், நான் எதையும் தவறவிடவில்லை என்று நீங்கள் எழுதியது சரியில்லை. நீங்கள் ஒளித்தீர்கள். அண்ணன் ஒளிக்கச் சொன்னார். நான் பார்த்தும் பார்க்கவில்லை. மூன்று பேரும் சேர்ந்துதான் செய்தோம். பங்கு பிரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஒஸ்மோன் பெரியவர் சொன்னதை வார்டில் சொன்னேன். என்னோடு வேலை செய்யும் டாக்டர்கள் இரண்டு பேர் முகம் மாறி, தங்கள் நோட்டுகளை எடுக்கப் போனார்கள்.

ரயாவிடம் சொல்லுங்கள். வியாழக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு நான் போனில் இருப்பேன். மெத்தை வேண்டாம், மேஜைமேல் வைக்கட்டும். டீ வேண்டாம். முதலில் முகம், அங்கிருந்து தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல். நடுவில் எங்கேயும் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் போன் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் கிளிப். போனைப் பிடிப்பது நீங்கள். வேறு யாரையும் நம்பமாட்டேன், ஏனென்றால் ஏமாற்றுவது எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மாஸ்கோ வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வருஷ விருந்துக்கு மீர்லான் வேனில் வருகிறேன். பையனிடம் நான் பேசுகிறேன். துக்கக் கறுப்பை நீங்களாகக் கழற்றிவிடாதீர்கள், அது எங்கள் வீட்டார் கழற்ற வேண்டியது. வந்து நான் கழற்றுகிறேன்.

கனிஷாய்


கோக்-செங்கிர்
17 ஜூன் 2021, வியாழன்

கருவிழிக்கு,

இன்று காலைதான் உன்னோடு பேசினேன். இருந்தும் எழுதுகிறேன், பழகிவிட்டது. போனில் சொல்ல முடியாததும் இருக்கிறது.

போனைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். குல்லாயைத் திரும்ப மடித்து வைத்துவிட்டுச் சார்ஜ் போட்டேன். உயிர் வந்ததும் பழைய மெசேஜ் மேலே வந்து நின்றது. 96 என்று. நான் அனுப்பியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்கவில்லை.

ஒஸ்மோன் பெரியவர் கையை நான் தோளிலிருந்து காட்டிக்கொண்டு வந்தபோது அவர் என்ன சொன்னார் என்று உனக்குச் சரியாகக் கேட்டிருக்காது. "சந்தையில ஆட்டைத் தடவிப் பார்க்கிற மாதிரி பார்க்கிறியே, மருமகளே" என்றார். "பேசாம இருங்க, உங்க கைதானான்னு பார்க்கணும்" என்றேன். "வேற யாரு கை? இவ்வளவு அசிங்கமா ஊர்ல வேற கை இருக்கா?" என்றார். கிளிப்பில் எண்பத்தொன்பது வந்தது. ஒளிக்கவில்லை. நீ திட்டினாய். அவர் முகத்தைப் பார்த்தாயா? வெட்கம்போல ஒரு சிரிப்பு. வண்டிக்குச் சொல்லியாயிற்று. மருமகள் கூடப் போகிறாள்.

இரண்டு பெண்கள் வாசல்வரைக்கும் வந்துவிட்டு, நான் போன் பிடிப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். போகட்டும். அவர்களுக்கு நான் இன்னும் அதே புருல்தான். அடுத்த வியாழன் வந்தாலும் வருவார்கள்.

எல்லாரும் போன பிறகு நீ, "அண்ணி, போனை ரயாகிட்ட குடுங்க. உங்க கையைக் காட்டுங்க" என்றாய். ரயா பிடித்தாள். முகத்திலிருந்து ஆரம்பித்தாள், தோள், முழங்கை, மணிக்கட்டு. கறுப்புச் சட்டையின் கையை நான் மேலே சுருட்டிக்கொண்டேன். விரலில் வந்து போன் நின்றது. நான் கிளிப்பை எடுத்து மாட்டப் போனேன்.

"அது வேண்டாம்" என்றாய்.

நீ அந்தப் பிளந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். ரயா கை வலிக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள். நாம் இரண்டு பேரும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நீட்டிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. நீ என்னை எந்த நம்பரும் கேட்கவில்லை.

உன் அண்ணி
புருல்